குடிக்கும் முன் ஒரு பிடி மணல்

வறண்ட காட்டாற்றின் நடுவே ஓர் எறும்புதின்னி ஊற்று தோண்டியது. யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். ஒரே ஒரு வழக்கம்தான். குடிக்கும் முன், ஊற்றுக்குள் சரிந்த மணலில் ஒரு பிடி அள்ளி வெளியே போட வேண்டும். அந்தக் கோடையில் காடே இந்தத் தண்ணீரை நம்பித்தான் உயிர் பிழைத்தது.

ஒருநாள் கரடி வந்தது. "என்னப்பா, இப்படி மாடாய் உழைத்துவிட்டு இரைக்கும் நீயே அலைகிறாயே! இனிமேல் கறையான் புற்றை நான் உடைத்துத் தருகிறேன். நீ ஊற்றை மட்டும் பார். மற்றவர்கள் மணல் அள்ள வேண்டாம், தண்ணீரைக் கலக்கிவிடுகிறார்கள்!"

எறும்புதின்னிக்குப் பல் கிடையாது. இருந்திருந்தால் அன்று வாயெல்லாம் பல்தான்! மற்றவர்களுக்கும் வேலை மிச்சம். அவர்களும் மணல் அள்ளுவதை நிறுத்திவிட்டார்கள்.

வெயில் ஏற ஏறக் கரடியின் குரலும் ஏறியது. "மான்கள் வரும் வழியில் முள்ளை இழுத்துப் போடு. எனக்கு இலுப்பைப் பூ கொண்டுவருபவர்களுக்குத்தான் இனித் தண்ணீர்!"

"ஐயோ, இது பொது ஊற்றாயிற்றே!"

"பொதுதான், யார் இல்லை என்றது? ஆனால் நாளைக்கு உனக்குப் புற்றை யார் உடைப்பார்?"

 எறும்புதின்னி முள்ளை இழுத்துப் போட்டது.

மறுநாளே ஒரு மான் தன் குட்டியோடு ஓடிவந்து முள்ளுக்கு அப்பால் நின்றது. குட்டிக்கு நாக்குத் தள்ளியிருந்தது. கால்கள் நடுங்கின.

"அண்ணே, பிள்ளை விழுந்துவிடும் போலிருக்கிறது. ஒரு வாய் தண்ணீர்!"

"பூ எங்கே?" என்று கரடி எழுந்து நின்றது.

பயந்தால் சுருண்டுகொள்வது எறும்புதின்னியின் பழக்கம். அன்றும் சுருண்டது. கண்ணை மூடினாலும் குட்டி மூச்சுக்குத் திணறும் சத்தம் காதில் விழுந்தது. சே, இந்த முள்ளைப் போட்டதே நான்தானே! அதற்கு வெட்கமாக இருந்தது. உடம்பை விரித்துக்கொண்டு, முள்ளைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் போய் வேறிடத்தில் மணலைப் பறிக்க ஆரம்பித்தது.

"தனியாகத் தோண்டிப் பட்டினி கிட!" என்று கரடி உறுமியது.

"தனியாக எங்கே? நாங்களும் அள்ளுகிறோம்!" மான் குளம்பால் மணலைத் தள்ளியது. காட்டுப்பன்றிகளும் ஓடிவந்தன. கரடி பாய்ந்தது. பன்றிகள் கோரைப் பற்களைக் காட்டி வரிசையாக நின்றதும் பின்வாங்கியது.

மணல் ஈரமானது. பிறகு நீர் கசிந்தது. குட்டி முகத்தைப் புதைத்துக் குடித்தது.

பழைய ஊற்றில் மணல் அள்ள ஆளில்லை. அது சரிந்து தூர்ந்துபோனது. தாகம் தாங்காமல் கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"வாருங்கள், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம்," என்றது எறும்புதின்னி. "ஆனால் முதலில் ஒரு பிடி மணல்!"

பொதுப்பொருளைக் காப்பவருக்கு ஒருவர் மட்டுமே சோறு போட்டால் அது அந்தச் சோறு போட்டவரின் பொருளாகிவிடும். எல்லாரும் கை கொடுத்தால்தான் அது எல்லாருக்கும் மிஞ்சும்.