இசக்கியம்மாளின் கேம் கணக்கு

நூற்பாலையில் வேலைபார்க்கும் இசக்கியம்மாள் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த கேம்கள் அத்தனையும் ஒரே நாளில் பறிபோயின. யாரோ பாஸ்வேர்டைத் திருடி, கணக்கையே பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுவாரம் ராஜபாளையத்தில் கேம் போட்டி. கேம் சென்டர் முதலாளி ரெங்கதுரை அதே கணக்கைப் பெரிய திரையில் திறந்து மார்தட்டினார்.

"அண்ணாச்சி, அது என் கணக்கு!" என்று மேடைக்கு ஓடினாள் இசக்கி.

"ஆரம்பத்துலேர்ந்து என்னோடதுதான். முடிஞ்சா நிரூபி!"

கூட்டம் சிரித்தது. இசக்கி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா, தப்பிச்சேன்! போன மாசம் இந்தக் கணக்குலேர்ந்து யாரோ கலெக்டரை மிரட்டினாங்களாம். வாசல்ல போலீஸ் நிக்குது. நீங்களே பதில் சொல்லிருங்க."

ரெங்கதுரை மைக்கோடு அலறினார். "ஐயையோ, போன மாசம் இது இவ கணக்கு! நான் போன வாரந்தான் திருடினேன்!"

அரங்கமே விசிலடித்தது.

"போலீஸை இனிமேதான் கூப்பிடணும் அண்ணாச்சி," என்றாள் இசக்கி. "அதுக்கு முன்னாடி பாஸ்வேர்டைச் சொல்றீங்களா?"