மனம் வளைக்கும் மந்திரம்

பெருங்கோதையிடம் மந்திரம் கற்றவர்களில் ஏறன் ஒருவனுக்குத்தான் மனம் வளைக்கும் மந்திரம் கைவந்தது. "யார் மனமும் உனக்கு வளையும். வளைந்தது தானாக நிமிராது," என்று மட்டும் சொல்லி அவனை மலையிலிருந்து அனுப்பிவைத்தாள்.

சில ஆண்டுகள் கழித்து ஏறன் மலையேறி வந்தான். முகத்தில் களையே இல்லை.

"அம்மா, வளைத்த மனத்தை நிமிர்த்த வழி உண்டா?"

"யாரை வளைத்தாய்?"

"முதலில் ஒரு கொள்ளைக்காரனை. ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்திருந்தான். நான் மந்திரம் சொன்னதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டான்."

"பிறகு?"

"சந்தையில் ஒரு குதிரைக்காரனை. நல்ல குதிரை, அம்மா. விற்கமாட்டேன் என்றான்."

"பிறகு?"

ஏறன் தலையைக் குனிந்துகொண்டான். "என் மனைவி வஞ்சியை."

வஞ்சியின் தங்கை காய்ச்சலில் கிடந்தாள். பார்க்கப் போகவேண்டும் என்று வஞ்சி துடித்தாள். அறுவடை முடியட்டும் என்றான் ஏறன். அவள் கத்தினாள், அழுதாள். அந்த அழுகையைப் பொறுக்கமாட்டாமல் மந்திரத்தைச் சொல்லிவிட்டான்.

"உடனே சிரித்தாள், அம்மா. தங்கை செத்துப்போன சேதி வந்தது. அப்போதும் சிரித்தாள். பாட்டுப் பாடிக்கொண்டே நெல் குத்தினாள்."

பெருங்கோதை அவனை அருகில் உட்காரவைத்துச் சொன்னாள்:

"மந்திரத்தைத் தலைகீழாகச் சொல். அவள் மனம் நிமிரும். மந்திரம் உன்னைவிட்டுப் போய்விடும்."

"அவளும் போய்விட்டால்?"

"போகலாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் உறுதியாக இருந்தவன், வஞ்சி சிரித்த முகமாகச் சோறு போட்டதும் தயங்கினான். இப்படியே இருந்துவிடலாமே என்று தோன்றியது. ஆனாலும் பாதிச் சோற்றில் எழுந்து மந்திரத்தைத் தலைகீழாகச் சொன்னான்.

வஞ்சியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. தங்கையின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

"என்னை அழக்கூட விடவில்லையே நீங்கள்!"

ஏறன் காலில் விழுந்தான். அவள் விலகிப் போனாள். விடிந்ததும் தங்கையின் ஊருக்குக் கிளம்பியவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏறன் மறுபடியும் மலையேறினான். பெருங்கோதையின் முன் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். அழுகைக்கு நடுவே கோபம் வந்தது.

"இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றே என் மனத்தை வளைத்து, இந்த மந்திரமே வேண்டாம் என்று என்னைச் சொல்லவைத்திருக்கலாமே!"

"மந்திரம் நாக்கு நுனிவரை வந்தது, ஏறா," என்றாள் பெருங்கோதை. "உன் நன்மைக்குத்தானே என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்."