கரும்புள்ளி செம்புள்ளி குத்திய தவளை

அந்தக் காலத்தில், நண்டும் நத்தையும்கூட வாய் திறந்து பேசிய காலத்தில், தவளைகளின் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. எல்லாம் ஒரே மண் நிறம். எது எந்தத் தவளை என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஒரு கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. அடுத்த மழைக்கு ஏரியில் மீன் வேண்டுமென்றால் மடுவிலிருக்கும் குஞ்சுகளை யாரும் தொடக்கூடாது என்று ஏரிக்காரர்கள் எல்லாரும் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள். காவலுக்கு நீர்க்காகம். அதுதான் நாட்டாமை. வேறு ஆளே கிடைக்கவில்லையாம்!

குருவம்மா என்ற தவளையின் தலைப்பிரட்டைகளும் அதே மடுவில்தான் இருந்தன. பின்னங்கால் அப்போதுதான் எட்டிப் பார்க்கிற பருவம். விடிந்ததும் கரையில் உட்கார்ந்து, அவற்றைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வருவாள்.

மடுவில் மீன் குறைந்துகொண்டே வந்தது. பஞ்சாயத்து கூடியது.

“தவளை ஒண்ணு தினமும் மடுப்பக்கம் போறதைப் பார்த்தேன்,” என்றது நண்டு.

“எந்தத் தவளை?” என்றது நீர்க்காகம்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?”

குருவம்மா தானே முன்னால் வந்தாள். “நான்தான் போறேன். என் பிள்ளைங்க அங்க இருக்கு. நான் தின்கிறது கரையானும் ஈசலும். மீனை நான் எங்க கண்டேன்? தண்ணிக்குள்ள முங்கி முங்கி எழுந்தது யாருன்னு நாட்டாமையையே கேளுங்க.”

நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டே சொன்னது: “காவல்காரன் முங்காம வேற யாரு முங்குவா? திருடினதுமில்லாம என் மேலயே பழியைப் போடுறா பாருங்க.”

அந்த ஈர இறகு எல்லார் கண்ணிலும்தான் பட்டது. ஒருத்தராவது கேட்க வேண்டுமே? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஏரியை விட்டே துரத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நண்டு கரியிலும் செம்மண்ணிலும் காலைத் தோய்த்து அவள் முதுகெல்லாம் குத்தியது. கழுதை மேல் ஏற்றிக் கரையைச் சுற்றி வந்தார்கள்.

“குத்துங்க, துரத்துங்க. என் பிள்ளைங்களை மட்டும் எடுத்துட்டுப் போக விடுங்க!” என்று கெஞ்சினாள். விட்டார்களா? இல்லையே, பாவிகள்!

அவள் போன பிறகு மீன் இன்னும் வேகமாகக் குறைந்தது. மீன் தீர்ந்ததும் நீர்க்காகம் தலைப்பிரட்டைகளைத் தின்றது. அதுவும் தீர்ந்ததும் எங்கோ பறந்து போய்விட்டது. அப்போதுதான் ஏரிக்காரர்களுக்குப் புத்தி வந்தது.

தேடிக்கொண்டு ஓடினார்கள். குருவம்மா ஒரு வரப்போரம் பின்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, தெரியாமச் செஞ்சுட்டோம். வா, புள்ளியைக் கழுவி விடுறோம்,” என்றது நண்டு.

“என் பிள்ளைங்க?”

நண்டு கண் இரண்டையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

குருவம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “கழுவப் போறியா? இதைக் கழுவினா நீங்க செஞ்சதும் போயிடும்னு பார்க்கிறியா? இருக்கட்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு உறைக்கட்டும். எனக்கு இனிப் பிறக்கிறதும் புள்ளியோடவே பிறக்கட்டும். உங்க ஏரியில என் வம்சம் ஒரு முட்டை இடாது. போங்க!” என்று சொல்லிவிட்டு, அவர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கினாள்.

அன்று முதல்தான் புள்ளித் தவளை கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடக்கிறது. முதல் மழைக்கு மேலே வந்து தொண்டை கிழியக் கத்துகிறது. எதிரே ஏரி ததும்பி நின்றாலும் ஏறெடுத்துப் பாராமல், வெயில் அடித்தால் வற்றிவிடுகிற வண்டித்தடத்துக் குட்டையில் முட்டைகளை இடுகிறது.