பதினோரு சால்வை

முன்னொரு காலத்தில் வேழமங்கலம் என்றொரு சீமை. அதை ஆண்டவன் ஆனைமுடி ராஜன். மனுஷன் நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். பதினைந்து நிலையில் ஒரு கோபுரம் வேண்டுமென்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து அதற்காக ஊரைச் சுற்றி, கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் நூறு காளவாய்கள் ஓயாமல் எரிந்தன.

இருபது வருஷம் போயிற்று. ஒரு மார்கழிக் காலையில் பொங்கலுக்கு நெய் கேட்டான் அரசன். நெய் தண்ணீராய் ஓடியது.

“மார்கழி நெய்யைக் கரண்டியால் வெட்டியல்லவா எடுப்போம்! ஊர் ஏன் இப்படி வேகிறது?” என்று சபையில் கேட்டான்.

மந்திரி அஞ்சுகவல்லி எழுந்தாள். நெய் என்றைக்கு உறைகிறது என்று வருஷா வருஷம் குறித்து வைப்பவள் அவள்.

“காளவாய்தான் மகாராஜா. கல் வேகும்போது ஒரு வாயு கிளம்புகிறது. மேலே நின்று, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.” இன்று கரியமில வாயு என்கிறோமே, அதேதான்.

காளவாய்களின் குத்தகைக்காரர் சிங்காரத் தளவாய் விழுந்து விழுந்து சிரித்தார். “கண்ணுக்கே தெரியாத காற்று ஊரைச் சுடுமா? அம்மணிக்குப் பொழுது போகவில்லை!”

“அதுவும் நியாயம்தான்,” என்றான் அரசன். “சபை கலைவதற்குள் நிரூபி அஞ்சுகம். இல்லையென்றால் உன் மந்திரி மோதிரம் தளவாய்க்கு.”

பிடிபடாத வாயுவை எந்தக் கூடையில் அள்ளிக் காட்டுவது என்று யோசித்தாள் அவள். எதிரே தளவாய், போன வாரம் அரசன் கையால் வாங்கிய சால்வையை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது.

“முதலில் தளவாய் பேசட்டும். நல்ல வாதத்துக்குச் சால்வை போர்த்துவது நம் வழக்கமாயிற்றே!”

தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

“காளவாய்க்குள் இருப்பதுதான் நெருப்பு, அந்த வாயுவில் ஏது நெருப்பு?”

“அடடா! ஒரு சால்வை!” என்றாள் அஞ்சுகம். அரசன் போர்த்திவிட்டான்.

“இருந்தாலும் கொசுறு அளவுதானே?”

“பிரமாதம்! இன்னொன்று!”

“என் பாட்டன் காலத்திலும்தான் வெயில் கொளுத்தியது! எல்லாம் சூரியனுடைய வேலை!”

இப்படியே பதினோரு சால்வை. எல்லாம் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. ஆனால் அரசன் போர்த்தியதைச் சபை கலையும்வரை எடுக்கக் கூடாது. தளவாயின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. பேச்சு குழறியது. கடைசியில், “ஐயோ, வேகுதே! சால்வையை எடுங்கள்!” என்று அலறிவிட்டார்.

“ஏன் தளவாய்? சால்வையில் நெருப்பு இருக்கிறதா?”

“இல்லை அம்மணி…”

“ஒவ்வொன்றும் கொசுறுதானே?”

“ஆமாம்…”

“எல்லாம் சூரியன் வேலை என்றீர்களே. சூரியனை நகர்த்தச் சொல்லாமல் சால்வையை எடுக்கச் சொல்கிறீர்களே!”

சபையே கொல்லென்று சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து சால்வைகளை ஒவ்வொன்றாக உருவித் தன் தோளில் போட்டுப் பார்த்தான். ஆறாவதிலேயே அவனுக்கும் வியர்த்தது.

“என் சூடுதான் என்னையே சுடுகிறதா!” என்று வியந்தான். “மோதிரம் உனக்கே அஞ்சுகம். தளவாயின் குத்தகை ரத்து. போதுமா?”

“குத்தகைக்கு வேறு ஆள் வருவான் மகாராஜா. காளவாய் எரிவது உங்கள் கோபுரத்துக்காக.”

அரசன் சன்னல் வழியே கோபுரத்தை நெடுநேரம் பார்த்தான்.

“எத்தனை நிலை முடிந்திருக்கிறது?”

“ஏழு.”

அரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஏழு போதும்,” என்றான்.