அம்மாவுக்கு ஏறாத கணக்கு

மடத்தில் மறுநாள் அன்னதானம். குரு அம்பலவாணர் வேப்பமரத்தடியில் ஆலிலைகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்திக்கு, இலைகளை ஈர்க்குக் குச்சியால் கோத்த தையல் இலை வேண்டும்.

வைரவன் வந்து வணங்கினார். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அதற்காக வணங்கக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. அவர் கூச்சமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"ஐயா, நாளைக்கு நான் படிச்ச பள்ளிக்கூடத்துல எனக்குப் பாராட்டு விழா. அம்மாவும் வரணும்னு நிக்கிறா. கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு ஒரே குழப்பம்."

"கூட்டிட்டுப் போனா என்ன?"

"மேடையில ஏத்தி மைக்கைக் கொடுத்துடுவாங்க. ஏடாகூடமா எதையாவது சொல்லி மானத்தை வாங்கிடுவா. பாவம், நல்ல மனசு. ஆனா மரமண்டை."

குரு முகம் சுளிக்கவில்லை. ஓர் இலையை எடுத்துத் துடைத்தார்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

வைரவனுக்குச் சிரிப்பு வந்தது. போகிற இடமெல்லாம் சொல்லி, எல்லாரையும் சிரிக்க வைத்த கதை அது.

"அப்பா கிடையாது. அம்மா ஓட்டலுக்குத் தையல் இலை தைச்சுக் கொடுத்தாத்தான் வீட்ல கஞ்சி. நான் நாலாங் கிளாஸ்ல ஃபெயில். சாயங்காலம் இலை தைச்சுக்கிட்டே, 'இன்னைக்கு என்ன நடத்தினாங்க, எனக்கும் சொல்லிக் கொடுடா'ம்பா. பின்னக் கணக்கைச் சொல்லுவேன். 'புரியலையே, இன்னொரு தரம் சொல்லு'ம்பா. சொல்லுவேன். அப்பவும் ஏறாது. அதுலயும் நான் வாத்தியார்கிட்ட அடி வாங்கிட்டு வர்ற அன்னைக்குப் பார்த்துத்தான் அவளுக்குச் சுத்தமா ஏறாது! எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திடும்."

"கடைசியில புரிஞ்சுதா அவங்களுக்கு?"

"எங்கே! நான் பாஸாகி மேல மேல போயிட்டேன். அவ இன்னும் அதே பின்னத்துலதான் நிக்கிறா."

குரு இலைக்குவியலை அவர் பக்கம் தள்ளினார்.

"அப்ப இது நீங்க பார்த்துப் பழகின வேலைதானே. எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

வைரவன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஈர்க்கை ஒடித்துக் குத்தினார். இலை கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. பேராசிரியருக்கு வேர்த்துவிட்டது.

"ஒண்ணு மேல ஒண்ணைப் பாதி ஏத்தி வச்சு, ஈர்க்கைக் குத்தி வெளியே எடுக்கணும். அவ்வளவுதான் ஐயா."

"புரியலையே. இன்னொரு தரம் சொல்லுங்க."

வைரவன் நிதானமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கிழிந்த இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நரம்பு ஓடுற பக்கமே குத்தினா கிழியும். குறுக்கே குத்தணும்."

"அந்த இடம்தான் பிடிபடலை. இன்னொரு தரம்."

இந்தத் தடவை வாய் சொல்லச் சொல்லக் கை தானாக ஓடியது. வட்டமாக ஒரு முழு இலை மடியில் வந்து விழுந்தது. வைரவனுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

அதை வைக்க இடம் தேடித் திரும்பினார். மரத்துக்குப் பின்னால் கல் வைத்து அமுக்கிய அடுக்கு ஒன்று இருந்தது. அத்தனையும் தைத்த இலைகள். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை.

"இதெல்லாம் யார் தைச்சது?"

"நான்தான். காலையிலேர்ந்து."

வைரவன் கையில் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே, இலையும் ஈர்க்குமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

தைத்த இலையை அடுக்கின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே ஏன் ஐயா தெரியாத மாதிரி கேட்டீங்க?"

அம்பலவாணர் அடுத்த இலையை எடுத்தார்.

"அதை நாளைக்கு மேடையில உங்க அம்மாகிட்ட கேளுங்க."