மதகு திறக்கும் மழை

“ஏனுங் சாமி, மழை பேயவே மாட்டேங்குது?”

சாயப் பட்டறை செங்கோட்டுவேலு இப்படிக் கேட்டபோது குரலில் பக்தியைவிடக் கோபம்தான் அதிகம். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக ஜமக்காள நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். மழை வேண்டி ஒரு மாதமாக ஒருவேளைச் சோறு, வெறுந்தரைப் படுக்கை. இத்தனை செய்தும் வானம் வெறிச்சென்று கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

குரு வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனால் அவர் சொன்னதுதான் செங்கோட்டுவேலுக்கு வேதம்.

“ஊருக்காக விரதம் இருக்கறீங்க. சந்தோசம்,” என்றார் குரு.

சீடர் நெளிந்தார்.

“பட்டறைக்காகத்தானுங். தொட்டி ரொம்பிப் போச்சு.”

“என்ன தொட்டி?”

“சாயக் கழிவுத் தொட்டிங்க. ஆத்துல வெள்ளம் வந்தா மதகைத் தொறந்து உட்டுருவோம். வெள்ளத்தோட போயிரும், நெறமும் தெரியாது. எல்லாப் பட்டறையிலும் நடக்கறதுதானுங்.”

குருவின் முகம் கறுத்தது.

“சுண்ணாம்பு போட்டுத் தெளிய வெச்சு, மணல்ல வடிகட்டறதுக்குன்னு தொட்டி கட்டுனீங்களே? நான்தானே வந்து வெளக்கேத்துனேன்?”

“அது வடியறதுக்கு நாளாகுதுங். அதுவரைக்கும் நூலு காத்திருக்குமுங்களா?”

குரு விருட்டென்று எழுந்து போய், வாசலில் காத்திருந்த பாவாத்தாளை உள்ளே கூட்டி வந்தார். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் மஞ்சள் போட்டிருக்கிறவள். அவள் பயிர் காய்ந்துகொண்டிருப்பது ஊருக்கே தெரியும்.

செங்கோட்டுவேலுக்குத் தெம்பு வந்தது. “இவங்களும் விரதமுங்களா? ரெண்டு பேரு கேட்டா வருண பகவான் குடுக்காமயா போயிருவாரு?”

“அம்மிணி, நீ என்ன வேண்டிக்கிட்டிருக்கறே? இவர்கிட்டச் சொல்லு.”

“மழை வரக்கூடாதுன்னுங்,” என்றாள் அவள்.

சீடர் சிரித்துவிட்டார். “வெள்ளாமை பண்ற காட்டுக்காரி பேசற பேச்சா இது?”

அவள் சட்டென்று திரும்பினாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“காயற பயிர, கொடத்துல சொமந்து ஊத்தியாவது பொழைக்க வெச்சுருவேன். போன மழைக்கு எவனோ படுபாவி சாயத்தைத் தொறந்து உட்டான். வெள்ளத்தோட மஞ்சக் காட்டுக்குள்ள பூந்து கெழங்கு அத்தனையும் அழுகிப் போச்சு. கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இன்னொரு மழை பேஞ்சா காடும் இல்ல, நானும் இல்ல. அவன் வமுசம் வெளங்காமப் போ...”

குரு கையை உயர்த்தித் தடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே இடி உருண்டது. ஒரு மாதமாகச் செங்கோட்டுவேலு கேட்க ஏங்கிய சத்தம்.

பாவாத்தாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். செங்கோட்டுவேலு அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

“உங்க விரதம் பலிச்சுருச்சுங்க,” என்றார் குரு. “போங்க. மதகைத் தொறக்கோணுமில்ல?”