பத்துத் தலைப் பூதமும் பாதிப் பங்கும்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே ஜுரம் கண்ட காலத்தில், மகுடவர்மர் என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். பொய் சொல்வானேன், குடிகளை அடித்துப் பிடுங்குகிற ரகம் இல்லை. ஆனால் யாராவது அவர் காதில் விழும்படி பெருமையடித்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய மைத்துனர் பக்கத்து நாட்டு ராஜா. அவரிடமிருந்து ஓர் ஓலை வந்தது. "நவராத்திரி மூன்றாம் நாள் வருகிறேன். புதிதாக வெள்ளி ஊஞ்சல் ஒன்று செய்துகொண்டேன். தங்களிடம் இன்னும் அந்தப் பழைய பலகை ஊஞ்சல்தானே இருக்கிறது?"

அவ்வளவுதான்! "நமக்குத் தங்க ஊஞ்சல் வேண்டும்! மைத்துனர் கண்ணெதிரே, இந்தச் சபையில், தட்டானிடம் பொன்னை அள்ளிக் கொடுக்க வேண்டும்!" என்றார் மகாராஜா.

அந்த நாட்டில் அரண்மனைக்குச் சொந்தமாக ஒரு பொம்மைச் சாலை இருந்தது. கொலுப் பொம்மை செய்வார்கள், பொம்மலாட்டமும் நடத்துவார்கள். வரவில் பாதி ராஜாவுக்கு, பாதி அங்கே உழைக்கிற இருநூறு குடும்பங்களுக்கு. அதன் கணக்கைப் பார்த்தவன்தான் நம் உலகளந்தான். சபையில் விகடன், சாலையில் கணக்கன். வாயைத் திறந்தால் சிரிப்பு, எழுத்தாணியைத் தொட்டால் நெருப்பு. அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவன் கணக்கு எழுதுகிற விதமே தனி. பொம்மைகள் வண்டியேறி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போகும். "போனது" என்று ஓர் ஓலையில் எழுதுவான். விஜயதசமி கழிந்ததும், விற்காத பொம்மைகளை வியாபாரிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது அந்த வியாபாரத்தின் வழக்கம். வண்டிகள் திரும்பி வந்து, மிச்சத்தை எண்ணி முடித்த பிறகுதான் "விற்றது" என்ற ஓலையை அவன் கையில் எடுப்பான்.

தை மாதப் பொம்மலாட்டத்துக்கு ஊரார் முன்கூட்டியே பணம் கட்டி, அனுமதிச் சீட்டாகச் செப்பு வில்லை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணம் முழுவதையும் ஒரு பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பான். கேட்டால், "ஆட்டம் முடியும்வரை இது ஊரார் பணம் ஐயா, நாம் வெறும் காவல்காரர்கள்" என்பான்.

இதெல்லாம் பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். பொக்கிஷ அதிகாரி, பெயர் சர்வோத்தமர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உலகளந்தான் சொல்லி மகாராஜா சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். தங்க ஊஞ்சல் பேச்சு வந்ததும் மனுஷர் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா, பொன்னுக்கு எங்கே போக வேண்டும்? பொம்மைச் சாலையிலிருந்து எட்டாயிரம் பொன் பெறுமான பொம்மைகள் போயிருக்கின்றன. ஆட்ட வில்லை வகையில் இரண்டாயிரம் பொன். ஆகப் பத்தாயிரம் பொன் வரவு! தங்கள் பாதி ஐயாயிரம். இந்த விகடன் அதை எழுதாமல் மறைத்து வைத்திருக்கிறான்."

"பலே!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. "மறைந்திருந்த வரவைக் கண்டுபிடித்த உமக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. உலகளந்தா, என்ன சொல்கிறாய்?"

"பிரபு, பொம்மைகள் போயிருக்கின்றன, உண்மை. ஆனால் பணம் வரவில்லை. வில்லைக்குப் பணம் வந்திருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் ஆட்டம் நடக்கவில்லை. இரண்டையும் வரவு என்று எழுத என் கை கூசுகிறது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விகடத்துக்கு இது நேரமல்ல. நவராத்திரி மூன்றாம் நாள் நம் பங்கும் அதிகாரியின் பங்கும் இந்தச் சபைக்கு வர வேண்டும். வராவிட்டால் சாலையில் உள்ள பொம்மை அச்சுகளை எல்லாம் ஏலம் போட்டுப் பணத்தை எடுத்துக்கொள்வோம்."

உலகளந்தான் சபையை விட்டு வெளியே வந்தான். தன் வேலை போனால் போகட்டும், நாலு ஊர் போய்ச் சிரிக்க வைத்துப் பிழைத்துக்கொள்வான். அச்சு போனால் அந்த இருநூறு வீடும் எதை வைத்துப் பிழைக்கும்?

நேரே சூளைக்குப் போனான். சூளைக்குத் தலைவி ஆவுடையாள். சாலையில் உள்ள அச்சுகளில் பாதி அவள் கையால் வார்த்தவை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"ஐயா, ஒரு அச்சு சரியா அமைய ஆறு மாசம் ஆகும். அத்தனையும் தூக்கிட்டுப் போனா அடுத்த வருஷம் நாங்க எதைப் பிடிச்சுப் பொம்மை செய்யிறது? வெறுங்கையையா? விக்காத பொம்மைக்குப் பங்கு கேக்குற அநியாயம் எந்த ஊர்ல இருக்கு?"

"அழாதே தாயி," என்றான். என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டக் கொட்டகைக்குள் நடந்தான். அங்கே சுவரில் ஒரு செப்புத் தகடு. மகுடவர்மரின் பாட்டனார் காலத்தில், மத்தளக்காரன் ஒருவன் பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஓடிப்போய்விட்டானாம். அந்தக் கோபத்தில் அவர் அடித்து வைத்த விதி அது. தினமும் பார்க்கிற தகடுதான். அன்றைக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நின்று படித்தான். படித்து முடித்ததும் முகம் மலர்ந்தது பாருங்கள்! சூளைக்குத் திரும்பி ஓடினான்.

"ஆவுடையா, ஆட்டத்துக்கான அந்தப் பத்துத் தலைப் பூதப் பொம்மையைத் தூசி தட்டி வை," என்றான்.

மூன்றாம் நாள். மைத்துனர் ராஜா பட்டும் பவளமுமாக வந்து ஆசனத்தில் அமர்ந்தார். தட்டான் தராசோடு காத்திருந்தார். சர்வோத்தமர் புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகளந்தான் வந்தான். அவன் பின்னால் ஒரு வண்டி, வண்டிக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் செப்பு வில்லையைக் கையில் பிடித்தபடி ஊர்ச் சனம்.

முதலில் ஒரு கட்டு ஓலைகளைத் தட்டானிடம் நீட்டினான். "ஐயா, பொம்மை வகையில் மகாராஜாவின் பங்கு நாலாயிரம் பொன். ஊஞ்சலை ஆரம்பியுங்கள்."

தட்டான் ஓலையைப் புரட்டினார். "இது வியாபாரிகளின் ஓலையல்லவா? 'விற்றால் பணம் தருவோம், விற்காவிட்டால் பொம்மையைத் தருவோம்' என்று எழுதியிருக்கிறது. இதை உருக்கினால் சாம்பல்தான் ஐயா வரும்."

"அப்படியா! அதிகாரி இதைத்தானே பொன் என்றார்?"

மைத்துனர் மீசைக்குள் சிரித்தார். சர்வோத்தமர் பதறிப்போய், "அந்தப் பானை, அந்தப் பானை! அதில் ரொக்கமே இருக்கிறது!" என்று கத்தினார்.

"இருக்கிறது பிரபு, இதோ." பானையின் வாயை அவிழ்த்து, ஆயிரம் பொன்னை மகாராஜாவின் முன்னும் இருநூறு பொன்னைச் சர்வோத்தமரின் முன்னும் எண்ணி வைத்தான். சர்வோத்தமர் கண் இமைப்பதற்குள் அதை மடியில் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் உலகளந்தான், கொட்டகைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த செப்புத் தகட்டை எடுத்து உரக்கப் படித்தான். "ஆட்டம் நடக்கும் முன்பே பங்கு வாங்குகிறவர், யாராக இருந்தாலும், அந்தப் பங்கின் அளவுக்கு ஆட்டத்திலும் கை கொடுக்க வேண்டும். இது அரச ஆணை."

சபையில் எல்லோரும் கழுத்தை நீட்டித் தகட்டை எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டக்காரர்கள் திரையைக் கட்டினார்கள். வண்டியிலிருந்து இறங்கியது பத்துத் தலைப் பூதம். தலைக்கு ஒரு கயிறு, தலைக்கு ஒரு குரல். உலகளந்தான் பணிவாகக் குனிந்தான்.

"அதிகாரி அவர்களே, பத்தில் ஒரு பங்கு வாங்கினீர்கள். உங்களுக்கு ஒரு தலை. அழுகிற தலை, ஒப்பாரி வைக்க வேண்டும்."

"நானா? நான் பொக்கிஷ அதிகாரி!"

"யாராக இருந்தாலும் என்றுதானே இருக்கிறது," என்று திரைக்குப் பக்கத்திலிருந்து ஆவுடையாள் எடுத்துக் கொடுத்தாள். வில்லை வைத்திருந்த சனம், "ஆடு! ஆடு!" என்று கூவியது.

சர்வோத்தமர் கயிற்றைப் பிடித்தார். பூதத்தின் தலை முதுகுப்பக்கம் திரும்பிக்கொண்டது. இழுத்தார், பக்கத்துத் தலையின் மூக்கில் போய் மாட்டிக்கொண்டது. ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தார், கோழி கொக்கரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. மைத்துனர் ராஜா ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உலகளந்தான் மகாராஜாவின் பக்கம் திரும்பினான். இந்த ஒரு நொடியில்தான் இருநூறு வீட்டுச் சோறும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பிரபு, தங்கள் பங்கு பாதி. ஆகவே ஐந்து தலைகள். மீதி நான்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஐந்து கயிறுகளை நீட்டினான். மகாராஜா கயிற்றைப் பார்த்தார். எதிரே குவிந்திருந்த பொன்னைப் பார்த்தார். வில்லையோடு நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி ஒரே ஒரு கயிற்றை இழுத்தார். பூதத்தின் நடுத்தலை அவரைப் பார்த்து நாக்கை நீட்டியது.

மகாராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மகுடம் நழுவ நழுவ, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார்.

"போதும் உலகளந்தா, போதும்! ஆடாத ஆட்டத்துக்குப் பங்கு கேட்டது நம் தவறு. விற்காத பொம்மையில் ஊஞ்சல் கட்டப் பார்த்ததும் தவறு. பொன்னைப் பானையில் போட்டு வாயைக் கட்டு. அச்சுகளை எவனும் தொடக்கூடாது. சர்வோத்தமரே, மடியை அவிழும். அவிழ்த்துவிட்டுத் தை மாதம் வரை அந்த ஒரு தலையைப் பழகும். ஆட்டத்தன்று நாம் வந்து பார்ப்போம்."

ஆவுடையாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த முறை வேறு அழுகை. மைத்துனர் எழுந்து வந்து, "வெள்ளி ஊஞ்சல் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இப்படி ஒரு கணக்கன் எனக்கு வாய்க்கவில்லையே!" என்று வாய்விட்டுச் சொன்னார். தங்க ஊஞ்சலில் ஆடியிருந்தால்கூட மகுடவர்மருக்கு மனம் அவ்வளவு குளிர்ந்திருக்காது.

"உலகளந்தா! உனக்கு நூறு பொன் கொடுத்தோம். கணக்கில் எழுதிக்கொள்," என்றார்.

உலகளந்தான் எழுத்தாணியைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன், எழுதவில்லையா?"

"பிரபு, கொடுத்தீர்களா, கொடுப்பதாகச் சொன்னீர்களா?"

மகாராஜா மறுபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொந்தப் பொக்கிஷத்திலிருந்து நூறு பொன்னை வரவழைத்து, தம் கையாலேயே அவன் கையில் கொட்டினார். உலகளந்தான் நிதானமாக ஒவ்வொன்றாக எண்ணினான். நூறும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் காதில் செருகியிருந்த எழுத்தாணியை எடுத்தான்.